நேபாளத்துல குழந்தைங்க ஹோம்ல மூணு வாரம் வாலண்டியரிங், போகலாமா?

குகை_சுபா
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் சேலம், குகை. பழைய வேலைய விட்டாச்சு, புது வேலைல ஜனவரிலதான் சேரணும், நடுவுல ரெண்டு மாசம் சும்மா இருக்கேன். வீட்ல மாப்பிள்ளை பாக்குற பேச்சு ஆரம்பிச்சிட்டாங்க, அதுக்குள்ள ஒரு தடவையாவது தனியா எங்கயாச்சும் போய்ட்டு வரணும்னு ஆசை, சும்மா சுத்திப் பாத்துட்டு வர்றதுக்கு பதிலா நாலு பேருக்கு உபயோகமா ஏதாவது செய்யலாமேன்னு யோசிச்சேன். கூட வேலை பாத்த பொண்ணு ஒருத்தி போட்ட ஸ்டேட்டஸ் பாத்து ஒரு ஏஜென்சிய புடிச்சேன். காத்மாண்டு பக்கத்துல ஒரு குழந்தைங்க ஹோம், மூணு வாரம், தங்கறது சாப்பாடு எல்லாம் சேத்து 85 ஆயிரம், பிளைட் தனி. 15 ஆயிரம் அட்வான்ஸ் கட்டிட்டேன்.

வேலை என்னன்னா காலைல புள்ளைங்கள கிளப்பி ஸ்கூலுக்கு அனுப்பணும், சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லித்தரணும், விளையாடணும், அவ்ளோதான். அனுபவம் எதுவும் வேண்டாம், மனசு இருந்தா போதும்னு சொல்லிட்டாங்க.

என் டவுட் ரெண்டுதான். நவம்பர் குளிர் நம்ம ஏற்காடு குளிர் மாதிரி இருக்குமா இல்ல அதுக்கும் மேலயா? முப்பது குழந்தைங்களாம், என்ன கிஃப்ட் வாங்கிட்டு போலாம்? சித்தப்பா கொலுசுப் பட்டறை வெச்சிருக்கார், சின்னச் சின்னதா ஏதாவது பண்ணித் தரேன்ங்கறார்.

டூவீலர்_டூரிஸ்ட்
சூப்பர்ங்க. நமக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் இல்லன்னா ஓட்டர் ஐடி போதும். குளிர் ராத்திரில நல்லாவே இருக்கும், இங்கயே ஜாக்கெட் வாங்கி மூட்டை கட்டாதீங்க, காத்மாண்டுல தமேல்னு ஒரு கடைத்தெரு இருக்கு, அங்க போய் வாங்கிக்கலாம், பேரம் பேசணும்.

அஸ்தம்பட்டி_அங்கிள்
ஏம்மா, நம்மூர்ல இல்லாத புள்ளைங்களா? 85 ஆயிரத்த இங்கயே ஒரு ஹோம்ல குடுத்தா ஒரு வருசம் முட்டை போடுவான்.

மொட்டைமாடி
அங்கிள் ஆரம்பிச்சிட்டார். அந்தப் பொண்ணு அது சம்பாதிச்ச காசுல நல்லது செய்யப் போகுது. இதே காசுல கோவா போனா யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டீங்க. போய்ட்டு வாங்க சுபா, லைஃப்ல மறக்க மாட்டீங்க.

சித்திரை_ஒண்ணு
சுபா, நான் சொல்றது உங்களுக்கு கசக்கும், ஆனா அட்வான்ஸ் மட்டும்தான கட்டியிருக்கீங்க அதனால சொல்லிடறேன். நான் 2012ல கம்போடியால சியம் ரீப்ல இதே மாதிரி ஒரு ஹோம்ல ஒரு மாசம் இருந்தேன். அங்கோர் வாட் இருக்கற ஊரு, டூரிஸ்ட் கூட்டம் அப்பிடி. நாப்பது புள்ளைங்க இருந்தாங்க. சாயங்காலம் ஆனா அதுங்களுக்கு டான்ஸ் டிரஸ் போட்டுவிட்டு வந்திருக்கற வெள்ளைக்காரங்க முன்னாடி ஆட விடுவாங்க, ஆடி முடிச்சதும் ஒரு பெட்டிய சுத்திக் கொண்டு போவாங்க. எனக்கு அப்ப அது கலாச்சாரமா தெரிஞ்சுது, நானும் கைதட்டினேன்.

நான் போனது ஏப்ரல். அவங்க புது வருசமும் நம்ம சித்திரை ஒண்ணும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துலதான் வரும். அன்னிக்கு காலைல எந்திரிச்சு பாத்தா ஹோம் பாதி காலி. பதறிப்போய் எங்கன்னு கேட்டா சமையல்கார அம்மா ரொம்ப சாதாரணமா வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுது. எந்த வீட்டுக்குன்னு கேட்டேன். அவங்கம்மா வீட்டுக்குன்னு சொல்லுச்சு. எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணுமே ஓடல. அனாதைன்னு நெனச்சு நான் தெனம் மடில வெச்சு சோறு ஊட்டின பாப்பாவ அன்னிக்கு அதோட அம்மா வண்டில உக்கார வெச்சு கூட்டிட்டுப் போயிருக்கு. மூணு நாள் கழிச்சு திரும்ப கொண்டாந்து விட்டுட்டுப் போச்சு. புள்ள கைல ஒரு பொட்டலம், வீட்ல பண்ண பலகாரம்.

வந்தப்பறம்தான் தேடிப் படிச்சேன். 2011ல யுனிசெஃப்பும் கம்போடியா அரசாங்கமும் சேந்து ஒரு ஆய்வு வெளியிட்டிருக்காங்க, அங்க ஹோம்ல இருக்கற குழந்தைங்கள்ல முக்கால்வாசிக்கு அப்பா அம்மால ஒருத்தராவது உயிரோட இருக்காங்க. 2005ல இருந்து 2010க்குள்ள ஹோம் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியிருக்கு. அந்த அஞ்சு வருசத்துல அங்க உள்நாட்டுச் சண்டையும் இல்ல பஞ்சமும் இல்ல. கூடினது என்னைய மாதிரி போற ஆளுங்கதான்.

மொட்டைமாடி
அது கம்போடியாங்க. இவங்க போறது நேபாளம்.

பசுபதி_பக்கத்து_வீடு
நேபாளம்னா இன்னும் மோசம்ங்க. நான் காத்மாண்டுல ஒரு ஹோட்டல்ல அக்கவுண்ட்ஸ் பாத்துட்டு ஆறு வருசம் இருந்தவன், 2015 பூகம்பத்தப்பவும் அங்கதான் இருந்தேன்.

கதை பழசு. 1996ல இருந்து 2006 வரைக்கும் அங்க மாவோயிஸ்ட் சண்டை. வடமேற்கு மூலைல ஹும்லான்னு ஒரு மாவட்டம், அப்ப ரோடே கிடையாது, நடந்துதான் போகணும். அந்த மாதிரி ஊர்ல புரோக்கர் போய் உங்க புள்ளைய சண்டைக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்க, எங்கிட்ட குடுங்க, காத்மாண்டுல நல்ல ஸ்கூல்ல சேத்து படிக்க வைக்கறேன்னு சொல்லி பெத்தவங்ககிட்டயே காசு வாங்கிட்டு கூட்டிட்டு வந்துடுவான். காத்மாண்டு வந்ததும் அப்பா அம்மா செத்துட்டாங்கன்னு பேப்பர் ரெடி பண்ணிடுவான். அங்க வேலை செஞ்சவங்க இத காகித அனாதைன்னு சொல்லுவாங்க. பெத்தவ மலைல உயிரோட இருப்பா, புள்ளையோட ஃபைல்ல மட்டும் அவ செத்துப்போயிருப்பா.

நீங்களே யோசிச்சுப் பாருங்க, நேபாளத்துல அப்ப 75 மாவட்டம். ஹோம்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் அஞ்சே மாவட்டத்துலதான் இருந்துச்சு, காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், பொக்காரா இருக்கற காஸ்கி, அப்பறம் சித்வன். டூரிஸ்ட் எங்க இறங்கறானோ அங்க. வறுமைன்னு பாத்தா மத்த 70 மாவட்டத்துலதான் ஜாஸ்தி. பூகம்பம் வந்த உடனே அரசாங்கம் போட்ட உத்தரவுல ஒண்ணு, அனுமதி இல்லாம குழந்தைங்கள மாவட்டம் விட்டு மாவட்டம் கூட்டிட்டுப் போகக்கூடாது, புதுசா ஹோம் திறக்கக்கூடாதுங்கறது. செங்கல்லே அள்ளி முடிக்கல அதுக்குள்ள இத சொல்ல வேண்டியிருந்துச்சுன்னா பாத்துக்கங்க.

எல்லா ஹோமும் இப்பிடின்னு சொல்ல வரல. ஆனா 85 ஆயிரம் குடுக்கறவங்க வேணும்னா அங்க முப்பது புள்ளைங்க எப்பவும் இருந்தாகணும். இந்தக் கணக்கு புரிய அக்கவுண்ட்ஸ் படிச்சிருக்க வேண்டியதில்ல.

குகை_சுபா
படிச்சுட்டு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா நான் எந்தத் தப்பும் பண்ணலயே, நான் போகலன்னா அந்தக் குழந்தைங்களுக்கு யாரு இருக்கா? மூணு வாரமாவது அன்பா இருந்தா நல்லதுதான?

20வது_வளைவு
ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, எழுதினது இல்ல. இந்தக் கேள்விக்கு மட்டும் சொல்றேன்.

நான் ஏற்காட்டுல ஒரு ஹோம்ல வளந்தவன். ஆறு வயசுல இருந்து பதினாறு வரைக்கும். எந்த ஹோம்னு கேக்காதீங்க. அப்பா இறந்துட்டார், அம்மா நாகலூர் பக்கம் எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிக்கற வேலை. சீசன் முடிஞ்சா மிளகு, அதுவும் முடிஞ்சா கீழ இறங்கி கட்டட வேலை. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வரும், கொய்யாப்பழமோ பொரியோ முந்தானைல முடிஞ்சு எடுத்துட்டு வரும்.

எங்க ஹோமுக்கும் வெளிநாட்டுல இருந்து அக்காங்க வருவாங்க, ரெண்டு மாசம், மூணு மாசம் இருப்பாங்க. முதல்ல வந்தவங்க பேரு மரியா. எனக்கு அப்ப ஏழு வயசு. எனக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது, அவங்கதான் சொல்லிக்குடுத்தாங்க, முயல் காது ரெண்டு பண்ணி ஒண்ணுக்குள்ள ஒண்ணு விடணும்னு கையால காட்டுவாங்க, தமிழ் தெரியாது. ராத்திரி லைட் ஆஃப் பண்ணதும் ஒவ்வொரு கட்டிலா வந்து தலைய தடவிட்டுப் போவாங்க. எனக்கு அது வரைக்கும் அப்பிடி யாரும் பண்ணதில்ல. அவங்க கெளம்பற அன்னிக்கு பாட்டு பாடி மாலை போட்டோம், அவங்க அழுதாங்க, ஜீப் ஏறிப் போயிட்டாங்க. நாங்க நாலஞ்சு பேரு ரோடு தெரியற மேட்டுக்கு ஓடினோம். கொண்டை ஊசி வளைவுல வண்டி திரும்பறப்பல்லாம் லைட் ஒரு தடவ தெரியும், மறையும், இன்னும் கீழ தெரியும். கடைசியா தெரிஞ்சது டவுன் லைட்டோட கலந்துடுச்சு, எது ஜீப்னு தெரியல. அவங்க வந்துடுவாங்கன்னு நான் ரெண்டு மாசம் ஷூவ அவுக்காம தூங்குவேன், அவுத்தா திரும்ப கட்டறது மறந்துடும்னு பயம்.

அப்பறம் இன்னொரு அக்கா வந்தாங்க. அப்பறம் இன்னொருத்தங்க. நாலாவதா வந்தவங்க பேர நாங்க கத்துக்கவே இல்ல. வர்ற எல்லாரையும் மரியா அக்கான்னே கூப்பிட்டோம். அவங்களுக்கு அது வேடிக்கையா இருந்துச்சு, அவங்க ஊர்ல போய் சொல்லி சிரிச்சிருப்பாங்க. யாரு வந்தாலும் முதல் நாளே ஓடிப்போய் கட்டிப்புடிச்சுக்குவோம், அதுக்கு சாக்லேட் கிடைக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது.

இன்னொண்ணு. அவங்க வர்றதுக்கு முந்தின நாள் ஒரு டிரங்க் பெட்டி திறப்பாங்க, நல்ல டிரஸ் எல்லாம் அதுல இருக்கும். போனதும் துவைச்சு திரும்ப பெட்டிக்குள்ள. யாராவது கேட்டா அம்மா இருக்காங்கன்னு சொல்லாதன்னு எனக்கு சொல்லி வெச்சிருந்தாங்க. நானும் சொல்லல. அம்மா பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி காப்பிப் பழம் பறிச்சுட்டு இருந்துச்சு.

சுபா, உங்க மேல கோவம் இல்ல. மரியா அக்கா மேலயும் இல்ல. நல்லவங்க. அதுதான் பிரச்சினையே.

மொட்டைமாடி
சாரிங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

பிசியோ_பானு
20வது வளைவு சொன்ன அந்தக் கட்டிப்புடிக்கற விசயத்த பத்தி ஒண்ணு சொல்றேன், ஏன்னா ஹோமுக்குப் போய்ட்டு வர்ற எல்லாரும் முதல்ல சொல்றது அதுதான், முதல் நாளே குழந்தைங்க ஒட்டிக்கிச்சு, எவ்ளோ பாசம்னு. வீட்ல வளர்ற ரெண்டு வயசுக் குழந்தைய புதுசா ஒருத்தர் தூக்கினா என்ன பண்ணும்? வீல்னு கத்தி அம்மா கால கட்டிக்கும். அதுதான் சரியா வளர்ற குழந்தை. தெரியாத ஆளு கைல உடனே போற புள்ளைக்கு, இவங்கதான் எனக்குன்னு ஒருத்தர் அமையலன்னு அர்த்தம்.

ருமேனியால 1989ல சர்வாதிகாரி சௌஷெஸ்கு ஆட்சி கவிழ்ந்தப்ப ஹோம்ல லட்சத்துக்கு மேல குழந்தைங்க இருந்தாங்க. 2000 வாக்குல அதோட தலைநகர் புகாரெஸ்ட்ல ஒரு ஆய்வு தொடங்கி 136 குழந்தைங்கள எடுத்து பாதிப்பேர வளர்ப்புக் குடும்பத்துல விட்டு பல வருசம் பாத்தாங்க. குடும்பத்துக்குப் போன புள்ளைங்க தேறினாங்க, அதுவும் ரெண்டு வயசுக்குள்ள போனவங்க நல்லாவே. அங்க சோறும் கட்டிலும் எல்லாருக்கும் இருந்துச்சு, மாறாத ஒரு முகம்தான் இல்ல. ஹோம்ல ஷிப்ட்டு மாறும், ஆயா மாறும், அதுக்கு மேல மாசம் ஒரு வாலண்டியர் மாறினா எப்பிடி இருக்கும்?

நானும் வெளிநாட்டுல போய் வாலண்டியரிங் பண்ணவதான், அதனால போகவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். நான் போனது மூளை வாதம் இருக்கற குழந்தைங்க இருக்கற இடம். போறதுக்கு முன்னாடியே போலீஸ் கிளியரன்ஸ், சர்டிபிகேட், ரெண்டு பேரோட ரெஃபரன்ஸ், எல்லாம் கேட்டாங்க. போனப்பறம் என்னைய குழந்தைங்ககிட்ட நேரா விடல. அங்க வேலை செய்யற அம்மாங்களுக்கு சொல்லிக்குடுக்கறதுதான் என் வேலை. குழந்தைய எப்பிடி சாய்ச்சு உக்கார வெச்சா சோறு பொரை ஏறாது, இடுப்புல எங்க தலகாணி குடுக்கணும், இதெல்லாம் அவங்க கைய புடிச்சு காட்டினேன். நான் வந்துட்டேன், அந்தக் கை அங்கயே இருக்கு.

சுபா, உங்ககிட்ட போலீஸ் கிளியரன்ஸ் கேட்டாங்களா?

குகை_சுபா
இல்ல. ஆதார் காப்பி, டி-ஷர்ட் சைஸ், சாப்பாடு வெஜ்ஜா நான்வெஜ்ஜா. அவ்ளோதான் கேட்டாங்க.

பிசியோ_பானு
யாரு வேணா உள்ள வரலாம்னா, கெட்டவனும் வரலாம்னுதான் அர்த்தம். நீங்க நல்ல பொண்ணு. அடுத்து டி-ஷர்ட் சைஸ் குடுக்கறவன் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது.

அஸ்தம்பட்டி_அங்கிள்
அதான் நான் முதல்லயே சொன்னேன், இங்கயே ஒரு ஹோம்ல குடுங்கன்னு.

பழைய_வார்டன்
நீங்க சொல்றதுலயும் ஒரு திருத்தம் இருக்குங்க சார். குழந்தைகள் துறைல முப்பது வருசம் இருந்து ரிட்டயர்டு ஆனவ நான். சேலத்துக்காரங்களுக்கு இது புதுசு இல்ல. 1992ல தொட்டில் குழந்தை திட்டம் ஆரம்பிச்சதே நம்ம மாவட்டத்துலதான். பொம்பளப் புள்ள பொறந்தா கள்ளிப்பால் குடுத்த காலம், கொல்லாதீங்க தொட்டில்ல போட்டுட்டுப் போங்கன்னு அரசாங்கம் சொல்லுச்சு. அந்தக் குழந்தைங்கள பாத்தவ நான். நிஜமாவே யாரும் இல்லாத குழந்தைங்க இருக்காங்க, அவங்களுக்கு ஒரு இடம் வேணும், தத்துக் குடுக்கற வரைக்கும் பாத்துக்க ஆள் வேணும். அத மறுக்கல.

ஆனா நான் பாத்த பெரும்பாலான புள்ளைங்க ஹோமுக்கு வந்தது யாரும் இல்லாம இல்ல, காசு இல்லாம. அப்பா போயிருப்பார், அம்மாவுக்கு வேலை வெளியூர்ல, பாட்டிக்கு கண்ணு தெரியாது, அவ்ளோதான் காரணம். அந்த வீட்டுக்கு மாசம் கொஞ்சம் பணம் போனா புள்ள வீட்லயே இருக்கும். மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் மிஷன் வாத்சல்யால நிதி ஆதரவுத் திட்டம்னு இருக்கு, மாசம் 4000 ரூபா. கிராமத்துல வருச வருமானம் 72 ஆயிரம், டவுன்ல 96 ஆயிரம் தாண்டக்கூடாது. விதவைத் தாயோட புள்ள, அப்பா அம்மா இல்லாம சொந்தக்காரங்ககிட்ட வளர்ற புள்ள, இவங்களுக்கெல்லாம் கேக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மனு குடுக்கணும். இது இருக்குங்கறதே பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சர்டிபிகேட்டுக்கு அலையறதுக்கு ஒரு நாள் கூலி போயிடும்னு விட்டுடறாங்க.

சார், இங்க ஹோமுக்குக் குடுக்கறதா இருந்தாலும் 2015 சிறார் நீதிச் சட்டப்படி பதிவு இருக்கான்னு கேட்டுட்டுக் குடுங்க, பதிவு இல்லாம நடத்தறது ஜெயில் வரைக்கும் போற குத்தம். புள்ளைங்க அரசாங்கம் அமைச்ச குழந்தைகள் நலக் குழு மூலமா வந்தாங்களா இல்ல நேரா கூட்டிட்டு வந்தாங்களான்னு கேளுங்க. பொறந்தநாளுக்கு பிரியாணி போட்டு, புள்ளைங்கள வரிசைல நிக்க வெச்சு போட்டோ எடுத்து போடற பழக்கம் நம்மகிட்டயும் இருக்கு. அந்தப் புள்ளைங்க முகத்த வெளிய காட்டறதே அதே சட்டத்துல 74வது பிரிவுப்படி தப்பு. வெள்ளைக்காரன் பண்ணா டூரிஸம், நாம பண்ணா தர்மமா?

அஸ்தம்பட்டி_அங்கிள்
பிரியாணி நானே போட்டிருக்கேன். போட்டோவும் இருக்கு. எடுத்துடறேன்மா.

டூவீலர்_டூரிஸ்ட்
அப்ப வெளிநாட்டுல இத தடுக்க சட்டமே இல்லயா?

சித்திரை_ஒண்ணு
வருதுங்க, மெதுவா. ஆஸ்திரேலியா 2018ல நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டு வந்தப்ப ஹோமுக்காக குழந்தைய கடத்தறதும் அதுல ஒரு வகைன்னு பேசினாங்க. அங்க இருந்துதான் பசங்க ஸ்கூல் டிரிப்பாவே கம்போடியா வந்துட்டு இருந்தாங்க. 2019 டிசம்பர்ல ஐநா பொதுச்சபை தீர்மானத்துலயே இந்த ஹோம் வாலண்டியரிங்னால வர்ற கெடுதலத் தடுக்கணும்னு எழுதியிருக்கு. எழுதினது எழுதினதுதான், ஏஜென்சிக்காரன் இன்னும் விளம்பரம் போட்டுட்டுத்தான் இருக்கான்.

குகை_சுபா
அப்டேட். நேத்து ஏஜென்சிக்கு போன் போட்டேன். மூணு கேள்வி எழுதி வெச்சுட்டுக் கேட்டேன். இந்த முப்பது பேர்ல எத்தன பேருக்கு அப்பா அம்மா இருக்காங்க? வருசத்துல எத்தன புள்ளைங்கள திரும்ப வீட்டுக்கு அனுப்பறீங்க? என் 85 ஆயிரத்துல ஹோமுக்கு எவ்ளோ போகுது?

முதல் கேள்விக்கு அதெல்லாம் அங்க இருக்கற பார்ட்னர் பாத்துப்பாங்க மேடம்னு சொன்னாங்க. ரெண்டாவது புரியவே இல்ல, ஏன் மேடம் அனுப்பணும்னு அந்தப் பொண்ணே என்னைய திருப்பிக் கேக்குது, பாவம், நெஜமாவே புரியாமதான் கேட்டுச்சு. மூணாவதுக்கு மேனேஜர்கிட்ட கேட்டு சொல்றேன்னுச்சு. அப்பறம், ஃபிரண்ட கூட்டிட்டு வந்தா ரெண்டு பேருக்கும் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு மேடம்னுச்சு.

கேன்சல் பண்ணிட்டேன். 15 ஆயிரம் வராது. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

ஆனா மனசுல ஒரு நெருடல் இருக்கு, மறைக்காம சொல்றேன். நான் இந்தக் குழந்தைங்களுக்காக போகணும்னு நெனச்சேனா இல்ல அந்த ஸ்டேட்டஸ்காக நெனச்சேனான்னு இப்ப தெரியல. போட்டோ எப்பிடி எடுக்கணும்னு கூட யோசிச்சு வெச்சிருந்தேன், மேல ஒரு குழந்தை, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு.

மொட்டைமாடி
எல்லாரும் அப்பிடித்தான். நீங்க வெளிய சொல்லிட்டீங்க, அவ்ளோதான் வித்தியாசம். நேபாளம் சும்மா டூரிஸ்ட்டா போய்ட்டு வாங்க, மோமோ சாப்பிடுங்க, அது தப்பே இல்ல.

பழைய_வார்டன்
சுபா, கம்ப்யூட்டர்ல ஃபார்ம் எல்லாம் நல்லா ஃபில் பண்ணுவ இல்ல கண்ணு? மலைல நிதி ஆதரவுக்கு மனு போட வேண்டிய வீடு நெறைய இருக்கு. வருமானச் சான்று, இறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக், ஒண்ணு இருந்தா ஒண்ணு இருக்காது. அப்பா இறந்து நாலு வருசம் ஆகியும் இறப்புச் சான்று வாங்காத வீடு இருக்கு. புள்ளைங்கள நீ பாக்கவே வேண்டியதில்ல, அவங்க அம்மாகூட இ-சேவை மையத்துல வரிசைல நிக்கணும். போட்டோல நல்லா வராத வேலை.

குகை_சுபா
வரேன்ங்கம்மா. ஜனவரி வரைக்கும் ஃப்ரீதான். 20வது வளைவு அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? அத்தன வருசத்துல அங்கயே இருந்தவங்க யாருமே இல்லயா?

20வது_வளைவு
இருந்தாங்க. சமையல் ஆயா. நான் போறதுக்கு முன்னாடி இருந்து நான் வந்தப்பறமும் இருந்தாங்க. கட்டிப்புடிக்கல்லாம் மாட்டாங்க, திட்டுவாங்க, கரண்டியால போடுவாங்க. யாருக்கு ரசம் புடிக்காது, யாரு ராத்திரி படுக்கைய நனைப்பான்னு எல்லாம் தெரியும், விடியறதுக்கு முன்னாடி சத்தமில்லாம பாயை மாத்திடுவாங்க. எத்தனயோ போட்டோ எடுத்தாங்க, ஆயா ஒண்ணுல கூட இல்ல, வர்றவங்களுக்கு டீ போட்டுட்டு இருந்திருப்பாங்க. கடைசி வரைக்கும் சம்பளம் ரெண்டு மாசம் மூணு மாசம் பாக்கிலதான் வந்துச்சு.

இப்ப வெள்ளக்கடை பக்கம் மக வீட்ல இருக்காங்க. போன மாசம் பாக்கப் போனேன். வாசல்ல செருப்ப அவுத்தேன், ஏண்டா இப்ப லேஸ் இல்லாததுதான் வாங்கறியான்னு கேட்டாங்க.